வரைபடத்தில் உள்ளபடி

அந்த ஐந்து மாடி அலுவலகத்தில் மேகக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அது தென்படும். வாசல் காவலாளி முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவள் மேகக்காதான். அந்தப் பெயர் வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் கூத்து யாருக்கும் புரியாது.

ஊருக்கு நடுவே, தலைக்கு மேலே ஒரு ரயில் பாதையும் பதினாறு நிலையங்களும் கட்டும் பெரிய திட்டம் அது. மேகக்கா அதில் வரைவாளர். பொறியாளர்கள் கணக்குப் போட்டு, கிறுக்கி, அடித்துத் தருவதைக் கணினியில் சுத்தமான வரைபடமாக்குவது அவள் வேலை. ஒரு வரைபடம் ஒரே தடவையில் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. இன்று கதவு இடப்பக்கம் என்பார்கள், நாளை வலப்பக்கம் என்பார்கள், அடுத்த வாரம் கதவே வேண்டாம் என்பார்கள். மாற்றிய இடம் சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, அதைச் சுற்றி அலை அலையாக, சின்னப் பிள்ளைகள் போடும் மேகம் மாதிரி ஒரு கோடு போடுவது இந்தத் தொழிலின் வழக்கம். பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டு, அதற்குள் எத்தனையாவது திருத்தம் என்று எண்ணை எழுதுவார்கள். இங்கே பாருங்கள், மாற்றியிருக்கிறோம் என்று விரல் நீட்டிக் காட்டுவதோடு அந்த மேகத்தின் வேலை முடிந்தது.

மற்ற வரைவாளர்கள் பொத்தானைத் தட்டுவார்கள். கோணலும் மாணலுமாக ஒரு மேகம் வந்து விழும். மேகக்கா அப்படிச் செய்ய மாட்டாள். ஒவ்வொரு வளைவாகத் தானே இழுத்து, ஒரே அளவில், தொடங்கிய இடத்தில் மயிரிழை பிசகாமல் கொண்டுவந்து முடிப்பாள். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் யோசித்த சுவரையும் அடுத்தவர் யோசித்த தூணையும் வரைந்துகொண்டிருக்கிறவளுக்கு, தன் கையிலிருந்து வருவது என்று சொல்லிக்கொள்ள இந்த மேகம் ஒன்றுதான் இருந்தது. அதையும் அடுத்த திருத்தம் வந்ததும் அழித்துவிட வேண்டும்.

வீட்டில் மாமியாருக்கு இந்த உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை. மருமகள் ஆபீசில் மேகம் போடுகிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டவர், வானிலை இலாகா என்றே முடிவு கட்டிவிட்டார். காலையில் மேகக்கா செருப்பை மாட்டும்போது, "இன்னிக்குத் துணி காயப்போடலாமா?" என்று கேட்பார். முதல் இரண்டு வருடம் அவள் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். பிறகு, "போடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பழகிக்கொண்டாள். மழை வந்து துணி நனைந்துவிட்டால் அன்று சாயங்காலம் முழுக்க மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

இனி அலுவலகத்துக்கு வருவோம். மூன்றாம் மாடியில் தூணும் பீமும் போடுகிறவர்கள். இரண்டாம் மாடியில் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் போடுகிறவர்கள். முதல் மாடியில் மின்சாரம். மூன்று மாடிக்காரர்களும் வரைந்தது ஒரே நிலையத்தைத்தான் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். மூன்றாம் மாடி போட்ட பீமின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இரண்டாம் மாடியின் குழாய் போகும். ஐந்தாவது நிலையத்தில் ஒரு படிக்கட்டு அழகாக வளைந்து இறங்கி, நேராக ஒரு மின்மாற்றியின் முன்னால் முடிந்தது. இறங்குகிறவர் மின்மாற்றிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப ஏற வேண்டியதுதான். குளறுபடி தெரிந்ததும் ஒவ்வொரு மாடியும் மற்ற இரண்டு மாடிகளுக்குக் கடிதம் எழுதும். பன்னிரண்டு படி இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசினால் கிரீடம் இறங்கிவிடும் பாருங்கள்.

கட்டுகிற இடத்திலிருந்து வரும் சந்தேகங்களுக்கென்று ஒரு கேள்விச் சீட்டு இருந்தது. மேஸ்திரி சந்தேகத்தை அதில் எழுத வேண்டும். சைட் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அது அலுவலகத்துக்கு வந்து மேஜை மேஜையாக ஏறி இறங்கி, கடைசியில் தலைமைப் பொறியாளரிடம் போகும். அவர் நாளைக்கு முப்பது சீட்டுக்குக் குறையாமல் பதில் எழுதுகிறவர். கேள்வியைப் படித்தால் பதில் எழுத நேரம் இருக்காது என்பதால், படிக்காமலே எழுதத் தோதான ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். 'வரைபடத்தில் உள்ளபடி கட்டவும்.' கேள்வி எதுவானாலும் பதில் அதுதான். அலுவலகத்தில் அவருக்கு உள்ளபடியார் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

வேலை தாமதமாகிறது என்று மேலிடத்துக்கு எரிச்சல் வந்தது. வடிவமைப்பு முறையைச் சீர்திருத்த ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். அவர் முதல் மூன்று மாதம் எல்லோரிடமும் பேசினார், கட்டுகிறவர்களைத் தவிர. கேள்விச் சீட்டு ஆறு மேஜை கடந்து முப்பத்தைந்து நாளில் திரும்புகிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஆறு மேஜையில் ஏன் தாமதமாகிறது என்பதைக் கண்காணிக்க ஏழாவதாக ஒரு மேஜை போட்டார். முப்பத்தைந்து நாள் நாற்பத்தொன்றாயிற்று. அதோடு விட்டாரா? அதுவரை மேகத்தைச் சிவப்பில் அச்சடிப்பார்கள். சிவப்பு மை வீண் என்றார். மெல்லிய கோடு, தடித்த கோடு என்ற பாகுபாடும் வேண்டாம், எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே தடிமன் என்று உத்தரவு போட்டார்.

மேகக்கா மட்டும் வாயைத் திறந்தாள். "சார், சுவரும் மேகமும் ஒரே மாதிரி தெரியுமே."

"படம் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு நிறம் எதுக்கும்மா?" என்றார் ஆலோசகர். உள்ளபடியார் அதை ஆமோதித்துத் தலையாட்டினார். மேகக்கா தன் மேஜைக்குத் திரும்பினாள்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு புகைப்படம் அலுவலகம் முழுக்கக் கைபேசி கைபேசியாகப் பறந்தது. ஒன்பதாவது நிலையத்தின் முன்வாசல். குடிநீர்க் குழாய் மேடை. அதைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு, செங்கல்லில் கட்டிப் பூசி மெழுகிய ஒரு சுவர், அலை அலையாக. பதினேழு வளைவு, எல்லாம் ஒரே அளவு.

மேகக்கா படத்தைப் பார்த்தாள். அது எதுவென்று அவளுக்கு எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது. நான்கு குழாய் ஆறாக மாறியபோது அவள் போட்ட மேகம், திருத்தம் ஏழு. ஒன்பதாவது நிலையத்தின் மேஸ்திரி அதைக் கட்டியிருக்கிறார்.

மூன்று மாடியும் வயிறு வலிக்கச் சிரித்தது. அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் அன்று சேர்ந்து சிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குள் செய்தி மேலிடத்துக்குப் போய்விட்டது. மேலிடம் சிரிக்கவில்லை. தவறு யாருடையது, ஒரு பெயர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் விசாரித்து அனுப்பு என்று உத்தரவு வந்தது. பெயர் எழுதப்படுகிறவருக்கு வேலை இருக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மேகக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கணவர் தையல்காரர். பள்ளி திறக்கும் மாதத்தில் தலை நிமிர நேரம் இருக்காது, மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவார். வீட்டில் தேதி தவறாமல் வருவது அவளுடைய சம்பளம் ஒன்றுதான். மகள் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும்.

சாயங்காலம் உள்ளபடியார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார். அவர் தண்ணீர் கொடுத்ததிலேயே விஷயம் நல்லதல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

"பயப்படாதீங்கம்மா. போட்டவங்க நீங்க, கட்டினவரு அந்த மேஸ்திரி. ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு போகணும். நீங்க ஏன் போகணும்? இந்தாங்க." அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி. ஒன்பதாவது நிலைய மேஸ்திரிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது என்பதே தவறுக்குக் காரணம். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அவரை நான் பார்த்ததுகூட இல்லையே சார்."

"அதான் நல்லது. பார்த்தா மனசு கேட்காது."

வீட்டுக்கு வந்து தாளைக் கணவரிடம் காட்டினாள். அவர் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை வாயில் கவ்வியபடியே படித்தார்.

"நான் ஒரு சட்டை தைக்கணும்னா ஆளைக் கூப்பிட்டு முன்னால நிக்க வெச்சுத்தான் அளவெடுக்கிறேன். தைச்சதும் போட்டுப் பார்க்கச் சொல்றேன். நீங்க ஸ்டேஷனையே ஆளைப் பார்க்காம தைக்கிறீங்களே, அது எப்படி?"

"இப்ப அதுவா பிரச்சினை? கையெழுத்துப் போடவா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

"முதல்ல அந்த ஆளைப் போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து போடு, வேண்டாங்கல."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மேகத்தைக் கட்டியிருக்காங்களாமே? நானும் வரேன்."

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மேகக்கா மாமியாரோடு ஒன்பதாவது நிலையத்துக்குப் போனாள். பேருந்தில் முக்கால் மணி நேரம். பத்தொன்பது வருடத்தில் தான் வரைந்த எதையும் கட்டுகிற இடத்தில் போய் அவள் பார்த்ததில்லை. ஆபீஸ்காரர்கள் ஆபீசில், சைட்காரர்கள் சைட்டில் என்பது எழுதாத சட்டம். நிலையத்தின் முன்வாசலை மட்டும் முன்கூட்டியே திறந்துவிட்டிருந்தார்கள், பக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறவர்களின் வசதிக்காக. மேகக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

சுவர் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிப்பக்கம் புடைத்த வளைவுக்கு ஒருவர், உட்பக்கம் குழிந்த வளைவுக்கு ஒருவர் என்று அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. ஒரு தபால்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இரண்டு நர்சுகள் ஒரு குழிவுக்குள் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்து யாரையோ கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி வளைவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தாள். மேகக்கா ஒவ்வொரு வளைவாகப் பார்த்தாள். வேலை போகப்போகிற நேரத்தில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாலும், பூரிப்பு அடங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். மாமியார் அதற்குள் ஒரு காலி வளைவைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாந்து படிந்த கை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். யாரோ ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, திட்டு வாங்கத் தயாராகவே வந்தார்.

"இதைப் போட்டது நான்தாங்க" என்றாள் மேகக்கா.

"கட்டினது நான்தாங்க" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி குனிந்து ஒரு வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வளைவு எல்லாம் சரியா வந்திருக்குங்களா மேடம்?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

மேகக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட அண்ணே, இது கட்டுறதுக்குப் போட்டதே இல்ல. இங்க மாத்தியிருக்கோம்னு காட்டுற அடையாளம்."

"அடையாளமா?" மேஸ்திரி அப்படியே வளைவு ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். "நான் முப்பது வருசமா வீடு கட்டினவன்மா. பெரிய வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆச்சு. வீட்டு வேலையில திருத்தம்னா வீட்டுக்காரம்மா மாடியில நின்னு கத்துவாங்க. அதைப் படத்துல போட மாட்டாங்க. இதுல சுவரு கோடு என்ன தடியோ அதே தடியில இது இருந்துச்சு. பக்கத்துல முக்கோணம் போட்டு ஏழுன்னு வேற எழுதியிருந்தது. ஏழு முக்கோணக் கல்லு வேணும் போலன்னு நாலு கல்லு டிப்போ ஏறி இறங்கினேன். எங்கேயும் கிடைக்கல."

"சந்தேகமா இருந்தா ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்காம இருப்பேனா?" மேஸ்திரி ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்பக்கத்து வாரில் மடித்துச் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து, வியர்வை ஈரத்தைச் சட்டையில் ஒற்றிவிட்டுப் பிரித்துக் கொடுத்தார். கேள்விச் சீட்டு. மேஸ்திரியின் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'குழாய் மேடையைச் சுற்றி அலை அலையாக ஒரு கோடு இருக்கிறது. இதையும் சுவராகக் கட்ட வேண்டுமா? தெரியவில்லை. தயவுசெய்து சொல்லவும்.' கீழே ஏழு மேஜையின் ஏழு முத்திரை. அதற்கும் கீழே, நாற்பத்தொரு நாள் கழித்த தேதியோடு, பச்சை மையில் பதில். வரைபடத்தில் உள்ளபடி கட்டவும். உள்ளபடியாரின் கையெழுத்து, வாலை நீட்டிச் சுழித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

"இதைப் பார்த்தப்புறம் சைட் இன்ஜினியரும் வாயைத் திறக்கல. அவரு பாவம், மூணு ஸ்டேஷனுக்கு ஒரே ஆளு" என்றார் மேஸ்திரி. "ஆனா உயரம் எவ்வளவுன்னு படத்துல இல்ல. அதையும் கேட்டா இன்னொரு நாற்பத்தொரு நாளு. மனுசன் உட்கார்ற உயரம் வெச்சேன். சுத்தி வர அடைச்சிருந்தது, தண்ணி குடிக்க ஆளுங்க எப்படிப் போவாங்கன்னு நானே ஒரு இடத்துல வழி விட்டேன். அது என் தப்புதான். அது மட்டும் படத்துல உள்ளபடி இல்ல."

கைப்பைக்குள் இருந்த ஒரு வரித் தாள் மேகக்காவின் விலாவில் குத்துவதுபோல் இருந்தது. இந்த ஆளுக்கா படம் படிக்கத் தெரியாது? படத்தில் இருந்ததைப் படித்து, இல்லாததையும் யோசித்துச் செய்திருக்கிறார். பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட படத்தில், தண்ணீர் குடிக்க வருகிறவனைப் பற்றி நினைத்த ஒரே ஆள் இவர்தான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அண்ணே, இந்தச் சீட்டை எனக்குத் தருவீங்களா? நாளைக்கு விசாரணை."

மேஸ்திரி யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கங்க தங்கச்சி. என்கிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் இதுதான். நீங்க கிழிச்சுப் போட்டீங்கன்னா நான் மறுபடி வீடு கட்டப் போயிடுவேன்."

திரும்பும்போது பேருந்தில் மாமியார், "நல்லா இருக்குடி, இடுப்புக்கு இதமா இருக்கு" என்றார். பத்தொன்பது வருடத்தில் மருமகளின் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. நீளமான மேஜையின் ஒரு பக்கம் உள்ளபடியாரும் ஆலோசகரும், எதிர்ப்பக்கம் மேகக்காவும் மேஸ்திரியும். ஓரத்தில் குறிப்பு எழுதும் குமாஸ்தா. இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதில் விழுவதை எல்லாம், தும்மல் உட்பட, அப்படியே எழுதிவிடுகிற நேர்மையான மனிதர். எழுதியதை அடிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாச்சாம்மா?" என்றார் உள்ளபடியார் கனிவாக.

"இல்ல சார். மேஸ்திரிக்குப் படம் படிக்கத் தெரியும்."

"அப்போ தப்பு உங்களோடதா?"

மேகக்கா விரலை மடக்கி எண்ணினாள். "மேகம் போட்டது நான். கறுப்பாக்கினது ஆலோசகர் சார். கட்டணுமான்னு கேட்டது மேஸ்திரி. கட்டுன்னு சொன்னது யாருன்னு இதுல இருக்கு சார்." சீட்டை மேஜைமேல் விரித்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளபடியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கேள்வியைப் படித்தார். அநேகமாக அவர் வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் கேள்விச் சீட்டு அதுவாக இருக்கலாம். பதிலைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். மறுபடியும் கேள்விக்குப் போனார்.

குமாஸ்தா பேனாவைத் தூக்கினார். "சார், கையெழுத்து உங்களோடதுதான்னு எழுதட்டுமா?"

"இருய்யா!"

"'இருய்யா'ன்னு எழுதவா சார்?"

ஆலோசகர் தொண்டையைக் கனைத்தார். "வழி விட்டிருக்காரே, அது வரைபடத்துல இல்லையே. அது விதிமீறல்தானே?"

"ஆமாங்க சார்" என்று மேஸ்திரி எழுந்து நின்றார். "வேணும்னா அதை அடைச்சிடறேன். ஜனங்க தாண்டிப் போய்க் குடிச்சுக்குவாங்க."

"ஜனங்க தாண்டிப் போய்க் குடிச்சுக்குவாங்க" என்று முணுமுணுத்தபடி குமாஸ்தா எழுதினார். இந்த அறிக்கை மேலிடத்துக்குப் போய், அங்கே யாரோ ஒருவர் அதை உரக்கப் படிப்பதை உள்ளபடியார் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் உள்ளபடியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"யோசிச்சுப் பார்த்தா... அது தப்பே இல்லையே. பயணிகள் உட்கார ஒரு வசதி. நாமளே திட்டம் போட்டுச் செஞ்சதுதானே?"

"தொலைநோக்கு" என்றார் ஆலோசகர் அவசரமாக.

"எழுதுய்யா. பயணிகள் அமரும் வசதிக்காகத் திட்டமிட்டே அமைக்கப்பட்டது. யார் மேலேயும் தவறு இல்லை. எழுதிட்டியா? சரி, அந்தச் சீட்டைக் கொடுங்கம்மா."

மேகக்கா விரலை எடுக்கவில்லை. எங்கிருந்து தைரியம் வந்தது என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை. மகளின் கல்லூரியை நினைத்தாள், ஏழு முக்கோணக் கல்லை நினைத்தாள், தபால்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். இவர்கள் இவ்வளவு இளகிய நிலையில் இன்னொரு தடவை அகப்பட மாட்டார்கள் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"தரேன் சார். அதுக்கு முன்னால மூணு விஷயம். மேகம் மறுபடி சிவப்பு. எல்லாப் படத்து மூலையிலயும் வரைஞ்சவங்க போன் நம்பர், சந்தேகம் வந்தா நேரா கூப்பிடட்டும். வாரத்துல ஒரு நாள் மூணு மாடிக்காரங்களும் மேஸ்திரிமாரும் ஒரே மேஜையில உட்கார்ந்து, கட்டுறதுக்கு முன்னால படத்தைச் சேர்ந்து பார்க்கணும். நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க."

"இதென்ன மிரட்டலா?"

"மிரட்டலான்னு எழுதவா சார்?" என்றார் குமாஸ்தா.

"எதையும் எழுதாதே!" உள்ளபடியார் பச்சைப் பேனாவை எடுத்தார். அவர் மிக வேகமாகச் செய்யக்கூடியது கையெழுத்துப் போடுவது என்பதால், அரை நிமிடத்தில் மூன்றும் உத்தரவாகிவிட்டன. ஆலோசகர் இறுதி அறிக்கையில் இந்த மூன்றையும் தன் பரிந்துரைகளாகச் சேர்த்துக்கொண்டார். மேகக்கா அதற்குச் சண்டைக்குப் போகவில்லை. சீட்டைக் கொடுப்பதற்கு முன்னால் மேஸ்திரிக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருந்தாள், அது பத்திரமாக ஹெல்மெட்டுக்குள் போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம் நடந்தது. பீம்காரரும் குழாய்காரரும் பதினோரு வருடமாக ஒரே லிஃப்ட்டில் ஏறி இறங்கியவர்கள், அன்றுதான் முதல்முதலாகப் பேசிக்கொண்டார்கள். முதல் கால் மணி நேரம் சண்டை. அடுத்த கால் மணி நேரத்தில் குழாய் ஒரு சாண் நகர்ந்தது, பீம் தப்பித்தது. பத்தாவது நிலையத்தின் படத்தைப் புரட்டிய ஒரு மேஸ்திரி, "இந்தக் கதவைத் திறந்தா அந்தக் கதவு திறக்காதே" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆமாம், திறக்காது. இரண்டு வருடமாக எத்தனையோ கண்கள் கடந்துபோன கதவு அது. கூட்டம் எப்போதும் இனிமையாக நடந்தது என்று சொன்னால் பொய். ஆனால் மாடிகளுக்கு இடையே கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. ஏழாவது மேஜையில் இப்போது தேநீர்க் கெட்டில் இருக்கிறது.

கட்டி முடித்த நிலையத்தை, கட்டியது கட்டியபடி வரைந்து ஆவணமாக வைப்பது கடைசி வேலை. ஒன்பதாவது நிலையம் மேகக்காவிடம் வந்தது. பதினேழு வளைவையும், மேஸ்திரி விட்ட வழியையும் சேர்த்து, தடித்த கறுப்புக் கோட்டில் உண்மையான சுவராகவே வரைந்தாள். இந்த மேகத்தை அழிக்கச் சொல்ல இனி எந்தத் திருத்தத்தாலும் முடியாது. முடித்துவிட்டுப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. பழைய படத்தில் இல்லாத சுவர் இது. அப்படியென்றால் மாற்றம். மாற்றம் என்றால் வழக்கப்படி அதைச் சுற்றி ஒரு மேகம் போட்டாக வேண்டும். சிரித்துக்கொண்டே, வளைவு வளைவாக இழுத்து, மேகத்தைச் சுற்றி ஒரு பெரிய சிவப்பு மேகம் போட்டாள். முக்கோணத்துக்குள் எட்டு என்று எழுதினாள். ஒரு பிரதி சைட்டுக்குப் போயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கைபேசி அடித்தது.

"தங்கச்சி, படம் வந்துச்சு. சிவப்பா இருந்தா அடையாளம்னு இப்ப தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். வெளியில இன்னொரு மேகம் இருக்கே, கட்ட வேண்டாமில்ல?"

"வேண்டாம்ணே. விட்டுடுங்க."

"அப்பாடா" என்றார் மேஸ்திரி. பிறகு கையால் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கத்துவது கேட்டது. "ஏய், அந்தச் செங்கல் லாரியைத் திருப்பி அனுப்புப்பா!"